வேலை விஷயமா சென்னை வர்றீங்களா? லாட்ஜ் பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடையை கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை: மெஷின் பிட்டிங், கம்பெனி ஆர்டர், சரக்கு கொள்முதல், கலெக்ஷன், கோர்ட்டு கேஸ் என்று ஏதாவது ஒரு வேலையாக வெளியூரில் இருந்து தினமும் ஏராளமானோர் சென்னைக்கு வந்து இறங்குகிறார்கள். எழும்பூர், பெரியமேடு, வால்டாக்ஸ் சாலை, மண்ணடி, திருவல்லிக்கேணி லாட்ஜுகளில் ரூம் போட்டு 2 நாள், 3 நாள் தங்குகிறார்கள்.

ரூம் எப்படியோ கிடைத்து விடுகிறது. வந்த வேலையும் ஓரளவு முடிந்து விடுகிறது. மாட்டிக்கொள்வது சாப்பாட்டில்தான்.

முதல் நாள் ராத்திரி பசி வேகத்தில் கண்ணில் பட்ட கடையில் நுழைந்து விடுகிறார்கள். காசும் அதிகம், ருசியும் இல்லை. மறுநாள் காலையில் வயிறு கடமுடா என்கிறது. வேலைக்குப் போக வேண்டிய ஆள் ரூமிலேயே படுத்துக்கிடக்கிறார்.

கொஞ்சம் விவரம் தெரிந்தால் இந்த தொல்லையை தவிர்க்கலாம். அதற்கான வழிகள் இதோ...

பேட்டா கரையும் கணக்கு

கம்பெனி கொடுக்கும் பேட்டா ஒரு நாளைக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3 நாளைக்கு 1,050 ரூபாய். மதியம் 250, ராத்திரி 250 என்று ஏசி ஓட்டலில் உட்கார்ந்தால் ஒரு நாள் செலவு அதற்குள் 500 ரூபாய் ஆகிவிடும். காலை டிபன், டீ செலவு தனி. 3 நாளில் குறைந்தது 450 ரூபாய் சொந்தக் காசு போய்விடும்.

வயிறு கெட்டால் கணக்கு இன்னும் மோசம். ஒரு நாள் வேலை கெடும். லாட்ஜுக்கு இன்னொரு நாள் வாடகை. டாக்டர், மருந்து செலவு வேறு. தினக்கூலிக்கு வந்தவர் என்றால் அன்றைய கூலியும் போச்சு. ஊருக்கு கொண்டுபோக நினைத்த காசு சென்னையிலேயே கரைந்து விடும்.

எனவே எங்கே சாப்பிடுவது என்பது ருசி விஷயம் மட்டும் இல்லை. வந்த வேலையை முடித்து, நாலு காசோடு ஊர் திரும்புகிற விஷயம்.

வாசல் கடைக்கும் சந்துக் கடைக்கும் என்ன வித்தியாசம்?

ரெயில் நிலைய வாசல், பஸ் நிலைய வாசல், பெரிய லாட்ஜ் வாசல்... இங்கெல்லாம் கடை வாடகை அதிகம். அது சாப்பாட்டு விலையில்தான் ஏறும்.

இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. வாசலில் இருக்கும் கடைக்கு வருகிறவர்களில் பலர் ரெயிலைப் பிடிக்கப் போகிறவர்கள், அல்லது இப்போதுதான் இறங்கியவர்கள். இன்று சாப்பிட்டவர் நாளைக்கு வரப்போவது இல்லை. சாம்பார் தண்ணீராக இருந்தாலும், சோறு வேகாமல் இருந்தாலும் கடைக்காரருக்கு பெரிய நஷ்டம் இல்லை. அடுத்த ரெயிலில் அடுத்த ஆள் வந்து விடுவார்.

இரண்டு தெரு தள்ளி சந்துக்குள் இருக்கும் மெஸ்சின் கதை வேறு. அங்கே சாப்பிடுவது பக்கத்து ஆபீஸ் ஊழியர், ஆட்டோ டிரைவர், கடைப்பையன், மேன்ஷன் பேச்சிலர். ஒரு நாள் குழம்பு ஊசிப்போனால் மறுநாளே அத்தனை பேரும் எதிர்த்த கடைக்கு போய்விடுவார்கள். அந்த பயத்திலேயே அவர் ஒழுங்காக சமைப்பார்.

ஆகவே தேட வேண்டியது பெரிய போர்டு மாட்டிய கடையை அல்ல. நாளைக்கும் வரப்போகிற ஆளுக்கு சமைக்கும் கடையைத்தான். வெளியூர்க்காரர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே சூத்திரம் இதுதான். வாசலில் இருக்கும் எல்லா கடையும் மோசம் என்று அர்த்தம் இல்லை. அங்கேயும் உள்ளூர் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டால் தாராளமாக நுழையலாம்.

யாரிடம் விசாரிப்பது?

லாட்ஜ் ரிசப்ஷனில் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால், கீழே இருக்கும் ஓட்டலையோ, பெயர் போன பெரிய ஓட்டலையோதான் கை காட்டுவார்கள். ஆள் அனுப்பினால் கமிஷன் கிடைக்கிற கடையை சொல்கிறவர்களும் உண்டு.

கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "தம்பி, நீ தினமும் எங்கப்பா சாப்பிடுற?" என்று ரூம் பாயிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். ரூம் பாயும் வெளியூர்தான். அவர் சம்பளத்துக்குள் தினமும் சாப்பிடும் கடை என்றால் விலையும் கட்டுப்படியாகும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும்.

ஏ.டி.எம். வாட்ச்மேன், ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ டிரைவர், மருந்துக்கடை பையன், துப்புரவு பணி செய்யும் அம்மா ஆகியோரும் சரியான ஆட்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டு கிளம்பிவிடக்கூடாது. 3 பேரிடம் கேட்டு, 2 பேர் ஒரே கடையை சொன்னால் அங்கே போகலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. "எங்க சாப்பிடலாம்?" என்று கேட்டதும், "ஏறுங்க சார், நானே கூட்டிட்டு போறேன்" என்று ஆட்டோவை ஸ்டார்ட் செய்தால் யோசிக்க வேண்டும். நல்ல கடை பெரும்பாலும் நடக்கும் தூரத்திலேயே இருக்கும்.

எந்த நேரத்தில் எதை சாப்பிடுவது?

ஒரே கடையில் ஒரே சாப்பாடு, நேரத்தை பொறுத்து நல்லதாகவும் இருக்கும், கெட்டதாகவும் இருக்கும்.

காலை 7 மணியில் இருந்து 9 மணிக்குள் இட்லி, பொங்கல் சூடாக இறங்கும். 10 மணிக்கு மேல் பொங்கல் கெட்டிப்படும். தேங்காய் சட்னி வெயில் ஏற ஏற புளிக்கும். லேட்டாக சாப்பிடப் போகிறவர்கள் சட்னியை தவிர்த்துவிட்டு சாம்பார் கேட்பது நல்லது.

மதிய சாப்பாடு 12.30 மணியில் இருந்து 1.30 மணிக்குள் சாப்பிட வேண்டும். கூட்டம் இருக்கும், இலைக்கு நிற்க வேண்டியது வரும். ஆனால் சோறும் குழம்பும் அடுத்தடுத்து புதிதாக வரும். 3 மணிக்கு போனால் கூட்டு தீர்ந்திருக்கும், ரசம் அடிமண்டியாக இருக்கும், சோறு ஆறியிருக்கும்.

பிரியாணி சாப்பிடுகிறவர்கள் தம் உடைக்கும் நேரத்தை கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கடைகளில் மதியம் 12 மணி வாக்கில் அண்டாவை திறப்பார்கள். ராத்திரிக்கு தனியாக இன்னொரு அண்டா போடும் கடையா, மதியம் மிஞ்சியதையே சூடு செய்து விற்கும் கடையா என்பதை விசாரித்துவிட்டு ராத்திரி பிரியாணி சாப்பிடலாம்.

பரோட்டா, தோசை எல்லாம் கண் முன்னால் கல்லில் போட்டு எடுப்பது. ராத்திரிக்கு அவை பரவாயில்லை. சால்னா ஆவி பறக்க கொதித்துக் கொண்டிருக்க வேண்டும். வெங்காய பச்சடி, மயோனைஸ் போன்றவை ராத்திரி நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சிக்கல். ஆபீஸ் கூட்டத்தை நம்பி நடக்கும் மெஸ்களில் பலவற்றுக்கு அன்று லீவு, அல்லது மதியத்தோடு சரி. சனிக்கிழமையே "நாளைக்கு கடை உண்டா அண்ணே?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. பொங்கல், தீபாவளி சமயத்தில் மெஸ்காரர்களும் ஊருக்கு போய்விடுவார்கள்.

எழும்பூரில் தங்கினால்...

தென் மாவட்ட ரெயில்களில் வருகிறவர்கள் அதிகம் தங்குவது எழும்பூரில்தான். 1908-ல் திறக்கப்பட்ட எழும்பூர் ரெயில் நிலையத்தின் எதிரே காந்தி இர்வின் சாலையிலும், கென்னட் லேன் பகுதியிலும் லாட்ஜுகள் வரிசையாக உள்ளன. பெரிய சைவ ஓட்டல்களும் இங்கேயே இருக்கின்றன. அதிகாலையில் ரெயிலில் இருந்து இறங்கியதும் காபி, இட்லிக்கு இவை வசதி. 3 வேளையும் இங்கேயே சாப்பிட்டால்தான் பேட்டா தாங்காது.

எழும்பூரில் கோர்ட்டு இருக்கிறது. குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. இவற்றை சுற்றி உள்ள தெருக்களில் குமாஸ்தாக்களும், ஆஸ்பத்திரி ஊழியர்களும் சாப்பிடும் கடைகளை மதியத்தில் நோட்டம் விடலாம்.

பக்கத்தில் புதுப்பேட்டை. வண்டி உதிரிபாக கடைகளும், மெக்கானிக்குகளும் நிறைந்த இடம். காலையில் இருந்து கை நிறைய கிரீசோடு உழைக்கிறவர்களுக்கு அரை வயிறு சாப்பாடு போட்டு யாரும் கடை நடத்த முடியாது. மீன் குழம்பு சோறு, பரோட்டா பிரியர்கள் அந்தப்பக்கம் நடந்து பார்க்கலாம்.

சென்ட்ரல், பெரியமேடு, வால்டாக்ஸ் சாலை

கோவை, சேலம், பெங்களூர் பக்கம் இருந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் பெரியமேட்டிலும் வால்டாக்ஸ் சாலையிலும் ரூம் போடுகிறார்கள்.

பெரியமேடு தோல் வியாபாரத்துக்கு பெயர் போனது. முஸ்லிம் மக்கள் நிறைய வசிக்கும் பகுதி. பிரியாணி, குஸ்கா, பாயா சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே குறை இல்லை. கையில் காசு குறைவாக இருந்தால் குஸ்கா வாங்கி தால்ச்சா ஊற்றி சாப்பிட்டுவிட்டு கிளம்பலாம். கறி இல்லையே தவிர, அதே அண்டாவின் ருசி கிடைக்கும்.

வால்டாக்ஸ் சாலையில் தங்குகிறவர்கள் ரோட்டை தாண்டி உள்ளே நடந்தால் சவுகார்பேட்டை. ராஜஸ்தான், குஜராத் பூர்வீகம் கொண்ட வியாபாரிகள் பல தலைமுறைகளாக இருக்கும் இடம். தங்கசாலை என்கிற மிண்ட் தெருவில் பூரி, கச்சோரி, சாட் அயிட்டங்கள் கிடைக்கும். காகடா ராம்பிரசாத் கடை இந்த தெருவில்தான் இருக்கிறது. ஜிலேபிக்கும் பாதாம் பாலுக்கும் அங்கே கூட்டம் நிற்கும்.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டர். நெய் மிதக்கும் பொடி இட்லியும், ஊத்தப்பமும்தான் அங்கே விசேஷம். சாயங்காலத்துக்கு மேல் போக வேண்டும்.

ஐகோர்ட்டு, பாரிமுனை வேலையாக வந்து மண்ணடியில் தங்குகிறவர்களுக்கு சாயங்காலம் இன்னொரு சங்கதி உண்டு. பர்மா பஜார் பக்கம் இரண்டாவது கடற்கரை சாலையில் அத்தோ கடைகள் போடுவார்கள். 1960-களில் பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் பலகாரம் இது. கூடவே வாழைத்தண்டு சூப் கொடுப்பார்கள். சூப்பை சூடாக குடிக்க வேண்டும். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் மறுநாள் முக்கிய வேலை இருந்தால் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

திருவல்லிக்கேணி: மேன்ஷன்களின் ஊர்

சென்னையில் குறைந்த செலவில் தங்கி சாப்பிட திருவல்லிக்கேணியை அடிச்சுக்க ஆள் கிடையாது. வேலை தேடி வந்த பேச்சிலர்களுக்காக உருவான மேன்ஷன்கள் இங்கே சந்துக்கு சந்து உள்ளன. மேன்ஷன் ரூமில் சமையல்கட்டு கிடையாது. ஆகவே 3 வேளையும் வெளியில்தான் சாப்பிட வேண்டும். அந்த பேச்சிலர்களை நம்பித்தான் இத்தனை மெஸ்களும் நடக்கின்றன.

அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் சைவ சாப்பாட்டுக்கு பெயர் பெற்றது. டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்துதான் உட்கார வேண்டும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948-ல் இருந்து நடக்கும் ரத்னா கபேயில் சாம்பார் இட்லி பிரபலம். இட்லி மூழ்குகிற அளவுக்கு சாம்பார் ஊற்றுவார்கள்.

வாலாஜா பெரிய மசூதியை சுற்றிய தெருக்களில் பிரியாணி கடைகள் உண்டு. அண்ணா சாலை பக்கம் நடந்தால் 1951-ல் தொடங்கிய புகாரி ஓட்டல். சிக்கன் 65 பிறந்த இடம் என்று சொல்லப்படும் ஓட்டல் இதுதான். பேட்டா காசில் தினமும் போக முடியாது. வேலை நல்லபடியாக முடிந்த நாளில் ஒரு முறை போய் வரலாம்.

10 நாள், 15 நாள் என்று தொடர்ந்து தங்குகிறவர்கள் மெஸ்சில் "டோக்கன் கணக்கு உண்டா?" என்று கேட்க வேண்டும். மொத்தமாக டோக்கன் வாங்கினால் சில மெஸ்களில் ஒரு சாப்பாட்டுக்கு சில ரூபாய் குறையும். முதல் நாளே வாங்கிவிடக்கூடாது. 2 வேளை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

கோயம்பேடு, கிளாம்பாக்கம்

2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் திறந்த பிறகு அதை சுற்றி லாட்ஜுகள் பெருகின. 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறக்கப்பட்டதும் தென் மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. ஆனாலும் மார்க்கெட் வேலையாக வருகிறவர்கள் கோயம்பேட்டில்தான் தங்குகிறார்கள்.

மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க லாரி வந்து லோடு இறங்கும். சுமை தூக்குகிறவர்களுக்காக விடியும் முன்பே இட்லி சட்டியில் ஆவி பறக்கும். ராத்திரி பஸ்சில் வந்து விடியற்காலையில் பசியோடு இறங்குகிறவர்களுக்கு இந்த கடைகள் வரப்பிரசாதம்.

கிளாம்பாக்கத்தில் இறங்கி ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் தங்குகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையோர பளபள ஓட்டல்களோடு நின்றுவிடாமல், ஊருக்குள் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும்.

கையில் காசே இல்லையா?

பர்ஸ் தொலைந்துவிட்டது, போனில் சார்ஜ் இல்லை, கம்பெனி பணம் இன்னும் வரவில்லை... இப்படி நெருக்கடி வந்தால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய இந்த உணவகங்கள் நகரம் முழுக்க உள்ளன. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை வளாகத்திலும் ஒன்று இயங்குகிறது.

இட்லி 1 ரூபாய். பொங்கல் 5 ரூபாய். சாம்பார் சாதம் 5 ரூபாய். தயிர் சாதம் 3 ரூபாய். ராத்திரி 2 சப்பாத்தி 3 ரூபாய். காலையில் 4 இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், ராத்திரி 4 சப்பாத்தி சாப்பிட்டால் ஒரு நாள் செலவு மொத்தம் 18 ரூபாய்தான்.

நேரம் தவறினால் தீர்ந்துவிடும். சீக்கிரம் போக வேண்டும். இங்கே சாப்பிடுவதில் கவுரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கூலி வேலை செய்கிறவர், மாணவர் என்று எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

உள்ளே நுழையும் முன் 5 விஷயம்

கடையை கண்டுபிடித்ததும் உடனே இலையில் உட்கார்ந்துவிடக்கூடாது. வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டியவை:

1. யார் சாப்பிடுகிறார்கள்? பெட்டி, பேக்கோடு உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும்தானா, கையை வீசிக்கொண்டு வந்த உள்ளூர் ஆட்களும் இருக்கிறார்களா? சப்ளையரை பெயர் சொல்லி கூப்பிடும் வாடிக்கையாளர் இருந்தால் நல்ல அறிகுறி.

2. சாப்பாடு எவ்வளவு வேகமாக தீர்கிறது? வேகமாக தீர்கிற சாப்பாடு பழசாகாது. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும் என்பது உணவு பாதுகாப்பு விதி. அதற்கு கீழே வெதுவெதுப்பாக பல மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகும். சோறு பார்க்க நன்றாகவே இருக்கும், வாடையும் வராது. ஆனால் வயிற்றை பதம் பார்த்துவிடும்.

3. எண்ணெய் எப்படி இருக்கிறது? வடைச்சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை தள்ளி, புகை கண்ணை எரித்தால் அங்கே வடை, பஜ்ஜி, சில்லி சிக்கன் எதுவும் வேண்டாம்.

4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? டிரம்முக்குள் டம்ளரை முக்கி எடுத்து தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வெந்நீர் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலான கடைகளில் கொடுப்பார்கள்.

5. சுடச்சுட சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் ஊற்றுகிறார்களா? பிளாஸ்டிக் கைப்பை, தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் உள்ளிட்ட ஒருமுறை உபயோகிக்கும் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் தமிழகத்தில் தடை உள்ளது. பார்சல் வாங்குகிறவர்கள் ஒரு டிபன் பாக்சை பேக்கில் போட்டுக்கொண்டு வருவது நல்லது. செய்தித்தாளில் மடித்த வடை, பஜ்ஜியும் வேண்டாம். அச்சு மை எண்ணெயில் ஊறி உணவில் கலக்கும்.

உணவு பாதுகாப்பு துறையின் 14 இலக்க எண் கொண்ட சான்று கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். கையேந்தி பவன்களுக்கும் பதிவு அவசியம். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண்ணை அச்சடிக்க வேண்டும் என்பது விதி.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி உயிரிழந்ததும், பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதும் தமிழகத்தையே உலுக்கியது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8-ந்தேதி முதல் ஓராண்டுக்கு தமிழக அரசு தடை விதித்தது. உணவு விஷயத்தில் அலட்சியம் ஆபத்து என்பதற்கு இவையே சாட்சி.

ஆன்லைன் ஸ்டாரை நம்பலாமா?

போனில் தேடினால் 4.5 ஸ்டார், 4.8 ஸ்டார் என்று வரும். ஸ்டாரை மட்டும் பார்த்து கிளம்பக்கூடாது. கடந்த ஒரு மாதத்தில் வந்த கருத்துகளையும், வாடிக்கையாளர்கள் எடுத்துப்போட்ட போட்டோக்களையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரே மாதிரி பாராட்டு வரிசையாக வந்திருந்தால் சந்தேகம்தான். சந்துக்குள் இருக்கும் பல நல்ல மெஸ்கள் போனில் வருவதே இல்லை.

ரூமுக்கே ஆர்டர் செய்தால் கடை விலையை விட கூடுதல் விலை, டெலிவரி கட்டணம், இதர கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். மழை நாள், உடம்பு சரியில்லாத நாள் தவிர மற்ற நாட்களில் நடந்துபோய் சாப்பிடுவதே லாபம்.

பில்லில் கவனம்!

உட்கார்ந்ததும் விலைப்பட்டியலை பார்த்துவிட வேண்டும். "சார், ஸ்பெஷல் போட்டுடவா?" என்று சப்ளையர் கேட்டு, தலையை ஆட்டிவிட்டால் பில் எகிறும். "அளவு சாப்பாடா, புல் மீல்சா? பொரியல் தனி காசா?" என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

சாதாரண ஓட்டல்களில் ஏசி இருந்தாலும், இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 2017 நவம்பர் 15-ந்தேதி முதல் இந்த முறை அமலில் உள்ளது. பில்லில் வரி போட்டிருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 15 இலக்கம் கொண்ட அந்த எண் தமிழகத்தில் 33 என்று ஆரம்பிக்கும். எண் இல்லாமல் வெறுமனே வரி என்று காசு பிடித்தால் கேட்க உரிமை உண்டு. தொகுப்பு வரி முறையில் இருக்கும் சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது.

சர்வீஸ் சார்ஜ் என்று சில ஓட்டல்களில் சேர்ப்பார்கள். அது வரி அல்ல. கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந்தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. நீக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம்.

தண்ணீர் பாட்டிலை ஓட்டலில் உட்கார்ந்து வாங்கினால் அச்சிட்ட விலையை விட கூடுதலாக வாங்க ஓட்டல்களுக்கு அனுமதி உண்டு என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியுள்ளது. பெட்டிக்கடையில் அப்படி வாங்க முடியாது. எனவே பாட்டிலை வெளியில் வாங்கிக்கொண்டு போவதுதான் சிக்கனம்.

கம்பெனியில் பணம் திரும்ப வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் பில் கேட்டு வாங்க வேண்டும். மெஸ்சில் அச்சடித்த பில் இல்லை என்றால் தேதி போட்டு துண்டுச்சீட்டிலாவது எழுதி வாங்கலாம். போனில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வயிறு கெட்டுவிட்டால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில நேரம் வயிற்றால் போகத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். உடம்பில் இருந்து போகிற தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் முதல் வேலை.

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்து கொஞ்சம் கொஞ்சமாக குடிக்க வேண்டும். ராத்திரி கடை இல்லை என்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டு கலக்கி குடிக்கலாம். ஸ்பூனை தலை தட்டி அளக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்பு பானங்கள் இதற்கு மாற்று அல்ல. அப்படிப்பட்ட பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வைக்க 2025 அக்டோபரில் தடை விதிக்கப்பட்டது.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், விடாத வாந்தி, சிறுநீர் வராமல் போவது, தலைசுற்றி விழுவது... இதில் எது இருந்தாலும் ரூமில் படுத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரக கோளாறு உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இரண்டிலும் 24 மணி நேரமும் அவசர சிகிச்சை உண்டு. ஆம்புலன்சுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

தனியாக வந்திருப்பவர்கள் லாட்ஜ் ரிசப்ஷனில் "உடம்பு சரியில்லை" என்று சொல்லி வைப்பது ரொம்ப முக்கியம். கதவை பூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படுத்துவிடுவதுதான் ஆபத்து.

கெட்டுப்போன சாப்பாடு, சுகாதாரம் இல்லாத கடை பற்றி 94440 42322 என்ற உணவு பாதுகாப்பு துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு போட்டோவோடு புகார் அனுப்பலாம். கடை பெயர், தெரு, தேதி, நேரம் குறிப்பிட வேண்டும். பில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம். ஊருக்கு போகிற அவசரத்தில் பலர் இதை செய்வது இல்லை. அடுத்து அதே லாட்ஜில் தங்க வருகிறவருக்காவது அது உதவும்.

முதல் நாளே செய்ய வேண்டியது

ரூம் போட்டதும் பையை வைத்துவிட்டு ஒரு 10 நிமிஷம் சுற்றுத் தெருக்களில் நடந்துவிட்டு வந்தால் போதும். காலை டிபனுக்கு ஒன்று, மதிய சாப்பாட்டுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என 3 கடை பார்த்து வைத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு மருந்துக்கடையும், பக்கத்தில் உள்ள அம்மா உணவகமும் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரி 10 மணிக்கு மேல் வந்து இறங்குகிறவர்கள் வழியிலேயே வாழைப்பழமும், பாக்கெட் பிரிக்காத பிஸ்கட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், பசியோடு கண்ட கடையில் நுழைய வேண்டியது வராது.